இரும்பு வளரும் ஊரில் பத்து நாள்

இரும்புக்கும் எனக்கும் ஆகாது. ஆம்பூர் பக்கம் பட்டை போட்டுத் தோல் பதனிடுகிற எவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிய தோலின் மேல் ஒரு துருப்பிடித்த ஆணி அரை நாள் கிடந்தால் போதும், மை கொட்டியது போலக் கறுப்புக் கறை விழும். அதற்கப்புறம் அந்தத் தோலை நாய்கூட மோந்து பார்க்காது. என் டேனரியில் இரும்பு வாளி கிடையாது. கூரைத் தகட்டில் துரு கண்டால் அன்றைக்கே ஆளை ஏற்றிவிடுவேன். வேலைக்கு வருகிறவன் கையில் இரும்புக் காப்பு இருந்தால் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஏழாம் வகுப்போடு நின்றவன், ஈரத் தோலைத் தலையில் சுமந்து ஆரம்பித்தவன், இன்று நாற்பது தொட்டிக்குச் சொந்தக்காரன். என் சரக்கில் ஒரு கறை காட்டு பார்க்கலாம் என்று எந்த வெளிநாட்டுக்காரனிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு மகளாகப் பிறந்த எஸ்தர் இரும்பை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அதுவும் ஸ்பெயின் தேசத்தில், பில்பாவ் என்கிற ஊரில். நாங்கள் விரட்டுகிறதை இவள் வரவழைத்து உட்காரவைக்கிறாள். நாலு வருஷமாக என் மனைவி மேரியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை ஃபோனில் எஸ்தருடைய குரல் சரியில்லை. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது முடிந்தால் வேலூரில் ஒரு கல்லூரியில் அவளுக்காக ஒரு வேலை காத்திருக்கிறது. முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கவேண்டும், வேலையும் வேறு யாருக்கோ போய்விடும். "ஒரு பத்து நாள் வந்து கூட இருங்கப்பா" என்றாள். மேரிக்கு முழங்கால் வலி. நான் கிளம்பினேன்.

முதல் நாள் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. விமானத்தில் அடைத்த காது திறக்கவில்லை. எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. அந்த ஊர் மழை விழுகிற மழை இல்லை, மிதக்கிற மழை. குடை பிடித்தால் குடைக்கு அடியிலும் வந்து நிற்கிறது. சுற்றிலும் பச்சை மலை. மலையின் பாதியை மேகம் சாப்பிட்டிருந்தது. நடுவில் கரை முட்ட ஓர் ஆறு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதை நின்று பார்க்கிற ஊரிலிருந்து வருகிறவன் நான். பாலத்தின் மேல் நின்றுவிட்டேன்.

"ஒரு காலத்துல இது செத்த ஆறுப்பா" என்றாள் எஸ்தர். "இரும்புக் கம்பெனிக் கழிவெல்லாம் இதுலதான் போச்சாம். அப்புறம் சுத்தம் பண்ணிட்டாங்க. இப்ப மீன் வருது."

பாலாற்றைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன்.

அவள் அறையில் சாப்பாடு காத்திருந்தது. உருளைக்கிழங்கையும் முட்டையையும் சேர்த்து உள்ளங்கை கனத்துக்குச் சுட்ட ஓர் அடை. காரம் என்பது பேருக்குக்கூட இல்லை. மேரி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, நடுப்பகலில் படுத்தவன் மறுநாள் காலையில்தான் எழுந்தேன்.

இரண்டாம் நாள் என்னை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம், "அங்க எதையும் தொடாதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெஷினைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய பேராசிரியை பெயர் இடோயா. என் வயதுக்குக் கொஞ்சம் கம்மி, நரைத்த முடியை ஆண்பிள்ளை போல் வெட்டியிருந்தார். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, ஏதோ சொன்னார். "இதோட உள்ளமைப்பைக் கண்டுபிடிச்சா தனி ஆய்வேடே எழுதலாம்னு சொல்றாங்க" என்று எஸ்தர் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாவை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

எனக்கு வெள்ளை அங்கியும் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். எஸ்தர் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். திரையில் பளிங்கால் கட்டிய ஊர் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டு முகமுள்ள கூண்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. நாலு முகமுள்ள கூண்டுகள், அவற்றின் நடுவில் பாஸ்பரஸ். எல்லாம் மூலைக்கு மூலை கைகோத்து நின்றன. நடுவே நீளமாகத் தெருக்கள் போல வழி ஓடியது. அந்த வழிகளில் வேறொரு மூலக்கூறு விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது.

"அந்த விருந்தாளியச் சுத்திதான்பா வீடே எழும்புது. இது என்னோட கணக்குதான், இன்னும் நிரூபிக்கல" என்றாள்.

"தோலும் இப்படித்தாம்மா. உள்ள வலை மாதிரி இருக்கும், பட்டைச் சாறு அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். இதுக்கு எதுக்கு ஸ்பெயின் வரணும்?"

"ஆமா, உங்ககிட்டயே படிச்சிருக்கலாம்" என்று சிரித்தாள்.

ஒரு சின்னக் குப்பியில் வெளிர் ரோஜா நிறத்தில் தூள் காட்டினாள். இரும்பு என்றால் துரு நிறமாக இருக்கும் என்று நினைத்தவனுக்கு அது குழந்தைக்குப் போடும் பவுடர் போல இருந்தது. ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்து, வைத்துப் பாருங்கள் என்றாள். வைத்தேன். ஒட்டவேயில்லை.

"இதுக்கா நாலு வருஷம்?"

"இப்ப அதுங்க சூட்டுல தாறுமாறா அலையுதுப்பா. ஒவ்வொரு இரும்பும் ஒரு குட்டிக் காந்தம். நல்லா குளிர வச்சா ஒழுங்குக்கு வரும். ஒண்ணு மேல பாத்தா பக்கத்துல இருக்கறது கீழ பாக்கும். அதனால வெளியிலேருந்து பாத்தா காந்தமே இல்லாத மாதிரி இருக்கும்."

"நம்ம சர்ச் கமிட்டி மாதிரின்னு சொல்லு. பாதிப் பேர் கிழக்கே இழுப்பான், பாதிப் பேர் மேற்கே இழுப்பான், வண்டி நின்ன எடத்துலயே நிக்கும்."

"அதேதான். ஆனா என்னோடதுல முழுசா எதிரும் புதிருமா இல்ல. எல்லாம் ஒரு பக்கமா லேசா சாயுது. அதனால கொஞ்சூண்டு காந்தம் மிஞ்சுது. ஏன் சாயுதுன்னு சொல்லணும்னா வீடு எப்படிக் கட்டியிருக்குன்னு சரியா தெரியணும். அதுக்குத் தூள் போதாது, ஒரு நல்ல படிகம் வேணும்."

விஷயம் அங்கேதான் நின்றது. வசந்தத்தில் ஒரே ஒரு தடவை படிகம் வந்திருக்கிறது. அளவெடுப்பதற்குள் அது விண்டுபோய்விட்டது. இடோயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், ஒரு தடவை வந்தால் அது அதிர்ஷ்டம், மறுபடி வரவழைத்தால்தான் அத்தியாயத்தில் இடம் என்று. நான் வருவதற்கு முந்தின நாள் எஸ்தர் ஒரே கரைசலை ஆறு பிளாஸ்டிக் புட்டிகளில் ஊற்றி, இறுக மூடி, கொதிநிலைக்குக் கீழே சூடு நிற்கும் ஒரு சின்ன அடுப்பில் வைத்திருந்தாள். ஏழு நாள் கழித்துத் திறக்கவேண்டும். அடுப்பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆறு புட்டிகளும் மஞ்சள் வெளிச்சத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நான் தனியாக நின்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் கிடக்கிற தோலைத் தினம் புரட்டவேண்டும். மேலே கிடப்பது அடிக்குப் போகவேண்டும், அடியில் கிடப்பது மேலே வரவேண்டும். இல்லாவிட்டால் சாறு ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் பச்சையாகவே நிற்கும். காலையில் டேனரிக்குள் நுழைந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி "புரட்டியாச்சா?" என்பதுதான். யாராவது தலையைச் சொறிந்தால் நானே இறங்கிவிடுவேன். அந்தக் கண்ணாடிக்குள் பார்க்கப் பார்க்க எனக்குக் கை ஊறியது. இரண்டு நாளாக ஒரே இடத்தில் கிடக்கின்றன, பெண் படிப்பில் மறந்துவிட்டாள் என்று தோன்றியது.

கதவைத் திறந்தேன். சூடுதான், ஆனால் சுண்ணாம்பும் வெந்நீரும் பார்த்த என் கைக்கு அது ஒன்றுமில்லை. இடது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகத் திருப்பி, நிமிர்த்தி, மூன்று சுற்று சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பதமாகத்தான் செய்தேன். ஐந்து முடிந்தது. ஆறாவதுக்குக் கை நீட்டும்போது ஃபோன் அடித்தது. மேரி.

"இன்னா பண்றீங்க?"

"உன் பொண்ணு வேலையப் பாத்துக்கினு இருக்கேன். புரட்டாம போட்டு வச்சிருந்தா, நான்தான் புரட்டிவிட்டேன்."

"போன எடத்துலயும் முதலாளியா?" என்றாள். நான் அடுப்பின் கதவைச் சாத்திவிட்டு, அந்த ஊர் மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் எஸ்தர் எழுத உட்கார்ந்துவிட்டாள், நான் தனியாக ஊர் சுற்றினேன். ஒரு பழைய தெருவில் செருப்புக்கடை. உள்ளே போய் ஒரு ஷூவை எடுத்து அடித்தோலை வளைத்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். பட்டைச் சரக்கு, சந்தேகமே இல்லை. கடைக்கார அம்மா ஓடிவந்தார். "நம்பள்து, நம்பள்து" என்று தமிழிலேயே சொல்லி என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு ஜோடி எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் மோந்து மார்க் போட்டேன். மூன்று ஜோடிதான் பாஸ். கடைசியில் எதுவும் வாங்காமல் வெளியே வந்தபோதும் அவர் வாசல்வரை வந்து கையாட்டினார்.

நாலாம் நாள் கடலுக்குப் பக்கத்தில் ஒரு பாலம் பார்க்கப் போனோம். பாலம் என்றால் நடக்கிற பாலம் இல்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் இரும்புக் கோபுரங்கள், உச்சியில் இரும்புச் சட்டம். அதிலிருந்து கம்பிகளில் ஒரு கூண்டு தொங்குகிறது. காரும் ஜனமும் அந்தக் கூண்டில் ஏறிக்கொண்டால், தண்ணீரைத் தொடாமல் காற்றிலேயே அக்கரை போய்ச் சேரும். எஸ்தர் டிக்கெட் எடுக்கப் போனாள். ஜனம் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். கதவு சாத்திவிட்டது.

"எஸ்தரே!" என்று கத்தினேன். அவள் இக்கரையில் டிக்கெட்டும் கையுமாக நின்றாள். கூண்டு சத்தமே இல்லாமல் மிதக்க ஆரம்பித்தது. மூடுபனியில் அவள் சின்னதாகி, வெளுத்து, கடைசியில் சிவப்புக் குடை மட்டும் தெரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். எங்கேயோ கொண்டுபோகிறார்கள், போகட்டும் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டியம்மா என் முழங்கையைத் தட்டி எதையோ சொன்னார். "பொண்ணு அங்க நின்னுட்டா" என்றேன். அவர் தலையை ஆட்டி, பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அடுத்த கூண்டில் எஸ்தர் வந்து இறங்கியபோது நான் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நின்றேன்.

"டிக்கெட் இல்லாம வந்த ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

ஐந்தாம் நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மலைமேல் பழைய சுரங்க ஊர் ஒன்று. தண்டவாளத்தில் சாய்ந்தபடியே ஏறும் வண்டியில் போனோம். சோளிங்கர் மலைக்கு மேல்விஷாரத்துத் தோஸ்த் ஒருவனோடு ரோப் காரில் போயிருக்கிறேன். அது அந்தரத்தில் ஆடும், அவன் கண்ணை மூடிக்கொண்டு குரான் ஓதுவான். இந்த வண்டி ஆடவேயில்லை, மேகத்துக்குள் நேராக நுழைந்துவிட்டது. மேலே இறங்கினால் மண் செக்கச்செவேல். மண்ணைத் தோண்டி இரும்பை எடுத்த குழிகள் மழைத்தண்ணீர் நின்று ஏரிகளாகிவிட்டன. காவேரிப்பாக்கம் ஏரியில் பாதி இருக்காது ஒவ்வொன்றும், ஆனால் அசைவே இல்லாமல் மேகத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தன. பசுக்கள் மணி கட்டி மேய்ந்தன. மணிச் சத்தம் வரும், பசு தெரியாது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் மண்சட்டியில் சிவப்பு மொச்சை மாதிரி ஒரு பயறு கொண்டுவந்து வைத்தார்கள். பன்றிக் கொழுப்பில் வேகவைத்தது, குழம்பு கெட்டியாக நின்றது. கூட வினிகரில் ஊறின பச்சைமிளகாய். வந்த நாலு நாளில் முதல் தடவையாக என் நாக்கு விழித்துக்கொண்டது. பக்கத்து மேசையில் தொப்பி போட்ட ஒரு கிழவர் நான் மிளகாயைக் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்தார். எஸ்தர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள்.

"எங்க அப்பா இங்கதான் வெட்டினார். வீட்டுக்கு வந்து குளிச்சா தண்ணியே செவந்து போவும்" என்றார் அவர்.

"நான் தோல்காரன். எனக்கும் இரும்புக்கும் ஆகாது."

"எங்களுக்கு மட்டும் ஆச்சா?" என்று சிரித்தார். "பொண்ணு என்ன பண்ணுது?"

எஸ்தர் யோசித்தாள். "இரும்பு வளக்கறேன்னு சொல்லிட்டேன்பா" என்று என்னிடம் சொன்னாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "நாங்க தோண்டித் தோண்டி மலையவே காலி பண்ணோம். இந்தப் பொண்ணு புட்டியில வளக்குதா? வளரட்டும், வளரட்டும்." அதைச் சொன்னபோது அவர் குரலில் கேலி இல்லை.

இறங்கும்போது எஸ்தர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலையில் மழைத்துளி நின்றது. நான் துடைக்கவில்லை.

ஆறாம் நாள் துணி துவைத்தோம், அது காயவேயில்லை. ஏழாம் நாள் காலையில் புட்டிகளைத் திறக்க அவள் தனியாகப் போனாள். ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் காத்திருந்தேன். மதியம் வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள்.

"இன்னாம்மா?"

"அஞ்சுல வெறும் தூளுப்பா. மாவு மாதிரி. ஆறாவதுல மட்டும் படிகம். ஊசி நுனி அளவு, அவ்ளோ அழகா இருக்கு."

"அப்ப வந்துடுச்சில்ல?"

"ஆறுல ஒண்ணு. இடோயா மேடம் சொல்லிட்டாங்க, இது லாட்டரி, செய்முறை இல்லன்னு. ஒரே கரைசல், ஒரே சூடு, ஒரே நாள். ஏன் ஒண்ணுல வந்துச்சு, அஞ்சுல வரலன்னு என்னால சொல்ல முடியல. சொல்ல முடியலன்னா அத்தியாயம் போட முடியாது." அப்புறம், "எங்கயோ எடை தப்பாப் போட்டிருக்கேன். எனக்கு இந்த வேலை வராதுப்பா" என்றாள்.

நாலு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் என் மூளை அந்த அடுப்பின் பக்கம் போகவில்லை. போக மறுத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

எட்டாம் நாள் காலையில் எஸ்தர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மேரி கூப்பிட்டாள். எஸ்தர் சொன்னதையெல்லாம் மெதுவான குரலில் சொன்னேன்.

"அன்னைக்கு ஏதோ புரட்டிவிட்டேன்னு சொன்னீங்களே. அவகிட்ட சொன்னீங்களா?"

"நல்லதுக்குத்தான பண்ணேன்."

"நல்லதுக்கோ கெட்டதுக்கோ, சொன்னீங்களா இல்லியா?"

கொடியில் காயாமல் கிடந்த சட்டையைப் புரட்டிப் போட்டேன். "உங்க பெரும பேசறதுக்கு நான் முப்பது வருஷமா தலையாட்டியிருக்கேன்" என்றாள் மேரி. "இதுக்கு ஆட்டமாட்டேன். என் பொண்ணு தனக்கு வராதுன்னு சொல்றா. ஃபோன வச்சிட்டு போய்ச் சொல்லுங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. டேனரியில் ஒரு தொட்டிச் சரக்கு கெட்டால் மேஸ்திரியைப் பார்ப்பேன், தண்ணீரைப் பார்ப்பேன், மழையைத் திட்டுவேன். என் கையைப் பார்த்ததே கிடையாது. எஸ்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சொன்னேன்.

அவள் முகம் வெளுத்தது. "எதையும் தொடாதீங்கன்னு எத்தினி தடவ சொன்னேன்? எத்தினி தடவப்பா? பேஜார் புடிச்ச மனுசன்பா நீங்க! இது உங்க தொட்டியில்ல! அசைச்சா ஒண்ணு ரெண்டு படிக விதை ஆயிரம் விதையாயிடும். ஆயிரமும் தீனிக்கு அடிச்சிக்கினா ஒண்ணுகூட பெருசாகாது. வெறும் தூள்தான் மிஞ்சும்!" என்னை அவள் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் மழை மிதந்துகொண்டிருந்தது.

திடீரென்று அவள் துண்டைக் கீழே போட்டாள்.

"எந்தெந்த புட்டி?"

"இடது பக்கத்துலேருந்து."

"எத்தினி?"

"அஞ்சு."

"ஆறாவது?"

"அதுக்குள்ள உங்க அம்மா ஃபோன் வந்துச்சி."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "சட்டைய மாட்டுங்க, கிளம்புங்க" என்றாள்.

இடோயாவின் அறையில், தானே சொல்கிறேன் என்றாள் எஸ்தர். நான் விடவில்லை. ஏற்றுமதிக்காரர்களிடம் பேசிப் பழகிய என் ஃபாக்டரி இங்கிலீஷில், "மேடம், மை ஹேண்ட், மை மிஸ்டேக்" என்று ஆரம்பித்தேன். மேசையிலிருந்த தண்ணீர் புட்டியை எடுத்து, தலைகீழாக்கி, நிமிர்த்தி, மூன்று சுற்று சுற்றிக் காட்டினேன். ஐந்து விரலைக் காட்டினேன். அப்புறம் ஃபோனைக் காதில் வைத்துக் காட்டினேன். வெளிநாட்டுக்காரர் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்தாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். அப்புறம் எஸ்தரிடம் வேகமாக ஏதோ பேசினார். எஸ்தர் திரும்பிச் சொன்னாள்: "ஆறுல ஒண்ணு வந்தா லாட்டரி. தொடாத ஒண்ணுல மட்டும் வந்தா அது பதில்னு சொல்றாங்க. அத்தியாயம் இருக்கும்பா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒரு தடவ போதாதாம். மறுபடி ஆறு புட்டி வைக்கணும். மூணு தொடாம, மூணு புரட்டி. அதே மாதிரி, ரெண்டு நாள் கழிச்சு."

"வைம்மா. நல்லா வை."

"புரட்டறது அதே கையா இருக்கணுமாம்."

அன்று சாயங்காலமே எஸ்தர் ஆறு புட்டிகளையும் அடுப்பில் ஏற்றினாள். ஒன்பதாம் நாள் அந்த ஆறாவது புட்டியின் படிகத்தை எக்ஸ்ரே மெஷினில் வைத்தார்கள். கண்ணாடி நாரின் நுனியில் ஒட்டிய அந்த ரோஜா நிறத் துளி குளிர்ந்த காற்றில் சுற்றிச் சுற்றித் திரும்பியது. திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் பூத்தது. சாயங்காலத்துக்குள் எஸ்தருக்கு அவளுடைய வீடு கிடைத்துவிட்டது. அவள் கணக்குப் போட்ட வீட்டில் ஒரு சுவர் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. இரும்புக் காந்தங்கள் ஏன் சாய்கின்றன என்பதற்கு அதுவே காரணமாம். எனக்கு அதில் கால்வாசி புரிந்தது. அவள் முகம் முழுசாகப் புரிந்தது.

பத்தாம் நாள் காலை, விமானத்துக்குப் போகிற வழியில் மறுபடி அந்த அறை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டேன். எஸ்தர் நோட்டுப் புத்தகத்தோடும், இடோயா கைக்கடிகாரத்தோடும் நின்றார்கள். கதவைத் திறந்தேன். இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. தலைகீழாக, நிமிர்த்தி, மூன்று சுற்று, எடுத்த இடத்திலேயே வைத்தேன். நாலாவது புட்டியின் மூடியில் எஸ்தரின் எழுத்தில் எண் இருந்தது. என் கை தானாக அதன் பக்கம் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"போதும்ப்பா, மூடுங்க" என்றாள்.

மூடினேன். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில் நான் தொடாத அந்த மூன்றும் அசையாமல் நின்றன. எஸ்தர் மணி பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் அங்கியின் பைக்குள் போட்டேன். அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை எடுக்கவில்லை.